பழைய பொறியும் பூட்டிய கதவும்



நம் விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. எவரேனும் பத்தாண்டு கடந்த கணிப்பொறி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால் போதும். "அருங்காட்சியகத்துக்கு வழி இது அன்று" என்பார் ஒருவர். "எடைக்குப் போட்டால் எவ்வளவு வரும்?" என்பார் மற்றொருவர். சிரிப்போம், சிரித்துவிட்டுப் போவோம். அந்தச் சிரிப்பில் நானும் பங்கு கொண்டவன்தான். ஆனால், சென்ற மே விடுமுறைக்குப் பின் எனக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்லவே நம் மன்ற இதழில் இந்த இடத்தைக் கேட்டு வாங்கினேன்.

மைசூரிலிருந்து ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர் தெற்கே, கபிலை ஆற்றங்கரையில் இருக்கிறது நஞ்சன்கூடு. நஞ்சுண்ட பெருமான் கோயில் கொண்ட ஊர். தேர்த் திருவிழாவுக்கும் வாழைப்பழத்துக்கும் பேர் பெற்ற ஊர். என் மாமா சத்தியமங்கலத்துக்காரர். இளமையிலேயே திம்பம் மலைப்பாதை ஏறி, சாமராசநகர் வழியே வந்து, அங்கே குடியேறியவர். கோயிலுக்குப் போகும் தெருவில் ஒரு சிறு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கடையில் இருப்பவை ஒரு நகல்பொறி, ஓர் அச்சுப்பொறி, ஒரு கணிப்பொறி. அந்தக் கணிப்பொறியில் ஓடுவது விண்டோஸ் ஏழு.

விடுமுறையில் ஒரு நாள் மாலை ஒரு தாயும் மகளும் கடைக்கு வந்தார்கள். தந்தை தொழிற்பேட்டையில் கூலி வேலை செய்பவர். பெண்ணோ பன்னிரண்டாம் வகுப்பில் தேறி, கல்லூரிக்குக் காத்திருப்பவள். உதவித்தொகைக்கு விண்ணப்பித்து விட்டாள். அதற்குரிய சான்றுப் படிவத்தை இணையத்திலிருந்து இறக்கி, அச்சிட்டு, கையொப்பம் வாங்கி, மறுநாள் காலை பதினோரு மணிக்குள் ஒப்படைக்க வேண்டும்.

மாமா முகவரியைத் தட்டினார். பக்கம் வரவில்லை. "உங்கள் இணைப்பு பாதுகாப்பானதன்று" என்னும் பொருளில் சிவப்பு எச்சரிக்கைதான் வந்தது. மீண்டும் தட்டினார், மீண்டும் அதே எச்சரிக்கை. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "கெட்டு ஹோகிதெ" என்று கன்னடத்தில் தீர்ப்பளித்தார். "கெட்டுத்தான் போச்சு அண்ணே, நாங்க வேற கடை பாக்கிறோம்" என்று அந்தத் தாய் எழுந்துவிட்டார். மணியோ ஏழு. அந்த நேரத்தில் வேறு எந்தக் கடை திறந்திருக்கும்?

"மாமா, கொஞ்சம் எழுந்திருங்க, நான் பாக்கிறேன்" என்று சொல்லி நான் உட்கார்ந்தேன். நான் கணிப்பொறித் துறை மாணவனல்லன். எனக்குத் தெரிந்ததெல்லாம், கெட்டுப்போயிற்று என்று சொல்லுமுன் எது கெட்டது என்று கேட்க வேண்டும் என்பது ஒன்றே.

திரையின் வலப்பக்க மூலையில் நாளைப் பார்த்தேன். 2010ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் என்று காட்டியது! கணிப்பொறியின் தாய்ப்பலகையில் பழைய ஒரு ரூபாய்க் காசைப் போன்ற சிறு மின்கலம் ஒன்று இருக்கும். கடைக்காரர் அதனை 'சிஆர் 2032' என்பார். அகலம் 20 மில்லிமீட்டர், தடிப்பு 3.2 மில்லிமீட்டர் என்பதே அந்தப் பெயரின் பொருள். மின்சாரம் நிறுத்தப்பட்டபோதும் கடிகாரம் ஓடுவது அதனால்தான். அது செத்துவிட்டால், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் பொறி பழைய நாளுக்கே திரும்பிப் போகும்.

நாள் தவறினால் இணையப் பக்கம் ஏன் திறக்காது? இதை ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டும். பூட்டுக்குறியோடு வரும் ஒவ்வொரு தளமும் தன் அடையாளச் சான்றிதழ் ஒன்றைக் காட்டுகிறது. இந்நாள் முதல் இந்நாள் வரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். உலாவி அதனைக் கணிப்பொறியின் நாளோடு ஒப்பிடும். பொறி தன்னை 2010இல் இருப்பதாக எண்ணிக்கொண்டால், இவ்வாண்டுச் சான்றிதழ் இன்னும் பிறக்காத குழந்தை அன்றோ? ஆகவே கதவு மூடிக்கொள்கிறது. குற்றம் தளத்தின் மேலும் இல்லை. உலாவியின் மேலும் இல்லை. சில பத்து ரூபாய் மின்கலத்தின் மேல் இருக்கிறது.

நாளைத் திருத்தினேன். பல தளங்கள் திறந்தன. மாமா முகத்தில் மலர்ச்சி. ஆனால், நமக்கு வேண்டிய தளம் மட்டும் திறக்கவில்லை!

இரண்டாம் காரணத்தைத் தேடினேன். ஒரு சான்றிதழை நம்ப வேண்டுமானால், அதைக் கொடுத்தவரை நம்ப வேண்டும். அவருக்கு மேலே உள்ள மூலச் சான்றாளரையும் நம்ப வேண்டும். நம்பத் தக்க மூலச் சான்றாளர்களின் பட்டியல் ஒன்று இயங்குதளத்திற்குள் இருக்கிறது. அந்தப் பட்டியல் புதுப்பிக்கப்படாமல் நின்றுபோனால், புதிதாக வந்த சான்றாளரைப் பொறி அறியாது. 2021 செப்டம்பர் 30ஆம் நாள் இதற்கோர் உலகளாவிய எடுத்துக்காட்டு நிகழ்ந்தது. 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்னும் அமைப்பு கோடிக்கணக்கான தளங்களுக்குக் கட்டணமின்றிச் சான்றிதழ் வழங்குவது. அது சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் அன்று காலாவதியாயிற்று. பட்டியலைப் புதுப்பிக்காத பழைய பொறிகளும் கைப்பேசிகளும் பல தளங்களைத் திறக்க மறுத்தன. ஒரே இரவில் அவை 'கெட்டுப்போய்' விட்டனவா? இல்லை. அவற்றின் கையில் இருந்த பட்டியல்தான் பழையதாகிவிட்டது.

இங்கே ஓர் எளிய சோதனை உண்டு. ஃபயர்பாக்ஸ் உலாவி தன் நம்பிக்கைப் பட்டியலைத் தன்னுடனேயே கொண்டு வருவது. இயங்குதளத்தின் பட்டியலை எதிர்பார்த்து நிற்பதன்று. மற்ற உலாவியில் திறக்காத தளம் ஃபயர்பாக்ஸில் திறந்தால், பிணி பெரும்பாலும் இயங்குதளத்தின் பட்டியலில் இருக்கிறது என்று கொள்ளலாம். என் பையிலிருந்த பென்டிரைவில் அந்த உலாவியின் 115ஆம் பதிப்பு இருந்தது. நிறுவினேன். கதவு திறந்தது!

எந்தப் பதிப்பு என்பதும் இங்கே முதன்மையானது. 'ஏதோ ஒரு புதிய உலாவியைப் போட்டால் சரியாகிவிடும்' என்று பலர் எண்ணுகின்றனர். புதிய உலாவி பழைய இயங்குதளத்தில் ஏறாது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு அதனை உருவாக்கியோர் ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிந்தது. விண்டோஸ் ஏழுக்கு 2020 ஜனவரி 14இல் முடிந்தது. பத்துக்குப் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. உலாவிகளும் அவற்றின் பின்னேயே விலகின. எக்ஸ்பியில் ஏறும் கடைசிக் குரோம் 49. விண்டோஸ் ஏழில் ஏறும் கடைசிக் குரோம் 2023 ஜனவரியில் வந்த 109. ஃபயர்பாக்ஸில் எக்ஸ்பிக்கு நீடித்த ஆதரவு கொண்ட 52. ஏழுக்கு 2023 ஜூலையில் வந்த 115. அந்த 115க்குப் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பின்னரும் சில காலம் நீட்டித்து வழங்கினர். இந்தச் சில எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால், ஏறாத படியில் ஏறி ஏறி விழும் வீண் உழைப்பு மிஞ்சும்.

கதை இன்னும் முடியவில்லை, நண்பர்களே! தளம் திறந்தது, அந்தப் பெண் தன் கடவுச்சொல்லை இட்டாள், படிவத்தின் பெயர் திரையில் தெரிந்தது. அழுத்தினோம். ஒரு நொடியில் இறங்கிவிட்டது. தாய் கையெடுத்துக் கும்பிட்டார். கோப்பைத் திறந்தால், 'இது பழுதடைந்த கோப்பு' என்கிறது! மூன்றுமுறை இறக்கினோம், மூன்றுமுறையும் அதுவே. அளவைப் பார்த்தேன். மூன்று கிலோபைட். கையொப்பமும் முத்திரையும் கொண்ட படிவம் மூன்று கிலோபைட்டில் அடங்குமா?

குற்றவாளி, பதிவிறக்கி. கடைக்காரர் வாய்மொழியில் சொன்னால் 'டவுன்லோடு மேனேஜர்'. இந்தக் கருவி பிறந்த காரணத்தை நாம் மறந்துவிட்டோம். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் தொலைபேசிக் கம்பி வழியாக வந்தது. கம்பி அடிக்கடி அறுபடும். பாதி இறங்கிய கோப்பு பாழாகும்; மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1997 ஜனவரியில் வெளியான எச்.டி.டி.பி. 1.1 நெறிமுறை, 'இத்தனையாவது பைட்டிலிருந்து கொடு' என்று வழங்கியைக் கேட்க வழிசெய்தது. பதிவிறக்கியின் திறமையெல்லாம் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடர்வதும், ஒரு கோப்பைப் பல துண்டுகளாக ஒரே வேளையில் இழுப்பதும் இதனால்தான். வழங்கி அந்தக் கேள்விக்கு இசைந்தால் கருவி வெல்லும். இசையாவிட்டால் எத்தனை விலையுயர்ந்த பதிவிறக்கியாயினும் முதலிலிருந்தே தொடங்கும். 'தொடர்தல்' பொத்தான் இருந்தும் தொடரவில்லையே என்று பொறியை அடிப்பதில் பொருளில்லை.

அன்று நடந்தது வேறு. உலாவியில் அழுத்தியவுடன் பதிவிறக்கி குறுக்கே பாய்ந்து இணைப்பைப் பறித்துக்கொண்டது. ஆனால், அந்தப் பெண் உள்ளே நுழைந்தாள் என்பதற்கு அடையாளமாக உலாவியிடம் இருந்த சீட்டை அது எடுத்துக்கொள்ளவில்லை. சீட்டில்லாமல் வாயிலில் நின்றவனுக்கு வழங்கி என்ன கொடுக்கும்? 'முதலில் உள்நுழைக' என்னும் பக்கத்தைக் கொடுத்தது. பதிவிறக்கி அதனையே படிவத்தின் பெயரில் சேமித்து வைத்தது. நோட்பேடில் திறந்து பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. பதிவிறக்கி உலாவிக்குள் குறுக்கிடுவதை நிறுத்திவிட்டு, உலாவியைக் கொண்டே இறக்கினேன். படிவம் முழுதாக வந்தது. அச்சுப்பொறி அதைத் துப்பியபோது மணி எட்டரை.

பழைய பொறிகளில் இதன் மறுதலையும் நிகழும்: உலாவியில் திறக்கும் முகவரி பதிவிறக்கியில் தோற்கும். உலாவி இற்றைக்குரிய மறைகுறி நெறிமுறையைத் தன்னிடமே வைத்திருக்கிறது. பழைய பதிவிறக்கிகள் பல இயங்குதளத்திடம் அதைக் கடன் கேட்பவை. டி.எல்.எஸ். 1.2 என்னும் நெறிமுறை விண்டோஸ் ஏழில் இருந்தும், இத்தகைய கருவிகளுக்குத் தானே இயங்காது. அதற்கென ஒரு திருத்தத்தை நிறுவி இயக்கிவிட வேண்டும். எக்ஸ்பியிலோ அது இல்லவே இல்லை. பெரிய கோப்பொன்று நான்கு ஜிபியைத் தொட்டவுடன் நின்றுவிட்டால் இணையத்தைத் திட்டாதீர்கள். பென்டிரைவின் வடிவமைப்பைப் பாருங்கள். ஃபேட் 32 வடிவத்தில் ஒரு கோப்பு நான்கு ஜிபிக்கு மேல் வளராது.

இவ்வளவும் சொன்னது என் பெருமைக்காக அன்று. பெருமைப்பட இடமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதிவிறக்கி எங்கிருந்து வந்தது என்று மாமாவைக் கேட்டேன். "ஏதோ ஒரு பக்கத்துல பச்சையா பெரிய பட்டன் இருந்துச்சு மாப்பிள்ளை, அழுத்தினேன், வந்துடுச்சு" என்றார். விளம்பரப் பொத்தான்! தேடியபோது அதனோடு அழையா விருந்தாளிகளாக இன்னும் இரண்டு நிரல்கள் குடியேறியிருக்கக் கண்டேன். அவை என்ன செய்தன, எதைப் பார்த்தன என்று யார் அறிவார்? அப்படிப்பட்ட பொறியில்தான் ஓர் ஏழைப் பெண்ணின் கடவுச்சொல்லை இடச் செய்தேன்! கதவைத் திறக்கும் ஆர்வத்தில், உள்ளே யார் ஒளிந்திருக்கிறார் என்று பார்க்க மறந்தேன். "தங்கச்சி, இன்னைக்கு ராத்திரியே அப்பா போன்ல கடவுச்சொல்லை மாத்திடு" என்று சொல்லி அனுப்பினேன். "சரிங்க அண்ணா" என்று போனாள். மறுநாள் காலை கையொப்பத்தோடு படிவம் சேர்ந்தது. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இனி என் கருத்துக்கு வருகிறேன். இங்கே இரண்டு கட்சிகள் உண்டு. 'பழையதா? தூக்கி எறி' என்பது ஒரு கட்சி. 'எச்சரிக்கையா? தள்ளிவிட்டு உள்ளே போ' என்பது மற்றொரு கட்சி. இரண்டும் சிந்திக்க மறுப்போரின் கட்சிகள் என்பேன்.

தூக்கி எறி என்பவரைக் கேட்கிறேன்: எறிந்துவிட்டு எதை வாங்குவது? எந்தப் பணத்தில் வாங்குவது? தமிழ்நாட்டு அரசு 2011 முதல் பள்ளி, கல்லூரி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கியது. பல வீடுகளில் முதன்முதலாக நுழைந்த கணிப்பொறி அதுதான். அக்காள் படித்தது, அண்ணன் படித்தது, இன்று தம்பி கையில் இருக்கிறது. அதைப் பார்த்துச் சிரிப்பது, தமையன் சட்டையை அணிந்து வந்த பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதற்கு ஒப்பாகும்.

எச்சரிக்கையைத் தள்ளிவிடு என்பவரையும் கேட்கிறேன்: நாள் தவறியதால் வந்த எச்சரிக்கையையும், நடுவே ஒருவன் நின்று ஒட்டுக் கேட்பதால் வந்த எச்சரிக்கையையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க உங்களால் முடியுமா? முடியாதெனில் காரணத்தைத் தேடுங்கள், கதவை உடைக்காதீர்கள். காரணத்தைக் கண்டு திறந்த பிறகும் ஓர் எல்லை வேண்டும். ஆதரவு நின்ற இயங்குதளத்தில் பாடம் படிக்கலாம், கட்டுரை தட்டலாம், அச்சிடலாம். வங்கிக் கணக்கும், பிறருடைய கடவுச்சொல்லும் அதில் வேண்டா. இன்று ஓடுகிறது என்பதனாலேயே அது காவலானது ஆகிவிடாது.

நடுவழி ஒன்று இருக்கிறது. பொறி பழையதாயினும் இயங்குதளம் பழையதாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. எடை குறைந்த லினக்ஸ் வகைகள் பல, புதிய உலாவியோடு பழைய பொறியில் ஓடுகின்றன. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் நமக்குப் புதிதன்று. விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் அதுவும் இருந்தது. நம்மில் எத்தனை பேர் அதை ஒருமுறையேனும் திறந்து பார்த்தோம்? மாமாவின் பொறியை முழுதும் துடைத்து, நான் ஊர் திரும்புமுன் லினக்ஸ் ஏற்றிவிட்டேன். ஐம்பது ரூபாய்க்குள் மின்கலமும் மாற்றியாயிற்று. தட்டச்சு முறையைப் பழக மாமாவுக்கு இரண்டு நாள் ஆயிற்று, அவ்வளவே.

நம் முன்னோரும் இந்தத் துன்பத்தைப் பட்டவர்களே. எக்ஸ்பி காலத்தில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும், எழுத்து தெரியாது. மொழி அமைப்பில் ஒரு குறியிட்டு, நிறுவல் வட்டைப் போட்டுச் சிக்கலான எழுத்துகளுக்குரிய ஆதரவை ஏற்ற வேண்டும். அதற்கும் முன்னே, ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வோர் எழுத்துரு. அந்நாளில் தமிழ் மாணவர்கள் ஒருவருக்கொருவர் வழிமுறை எழுதிக் கொடுத்தார்கள். கைபிடித்துச் செய்து காட்டினார்கள். இணையத்தில் தமிழ் வளர்ந்ததில் அந்தக் கைகளுக்கும் பங்குண்டு.

ஆகவே, நம் மன்றத்தை இரண்டு கேட்கிறேன். ஒன்று: மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, மன்ற அறையில் பழைய பொறிகளுக்கென இரண்டு மணி நேரம் ஒதுக்குவோம். நாள் சரியா, பட்டியல் சரியா, பதிப்பு சரியா, பதிவிறக்கி எங்கிருந்து வந்தது என்று இந்த நான்கையும் வரிசையாகப் பார்ப்போம். முடிந்தவற்றைத் திருத்துவோம், முடியாதவற்றை முடியாது என்று நேர்மையாகச் சொல்வோம். இரண்டு: மாணவர்க்கான படிவம் எதுவாயினும், பழைய உலாவியிலும் சிறு கைப்பேசியிலும் திறக்கும் எளிய பக்கமாகவும், அளவில் சிறிய கோப்பாகவும் வைக்குமாறு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் செய்வோம். இணைய வழி தவறினால் நேரில் பெறும் வழியும் இருக்கட்டும். ஒரு பெண்ணின் படிப்பு, ஒரு மின்கலத்தைப் பொறுத்து நிற்கலாகாது.

நஞ்சன்கூட்டில் கபிலையின் மேல் ஒரு பழைய கற்பாலம் உண்டு. 1735ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பர். சாலையையும் இருப்புப்பாதையையும் ஒருங்கே சுமந்த பாலம் அது. அகலப்பாதை வந்தபோது அதனை இடிக்கவில்லை. அதன் மேல் புதிய வண்டியை ஓட்டவும் இல்லை. புதிய சுமைக்குப் பக்கத்தில் வேறு பாலம் அமைத்தனர். ஊரிலிருந்து புறப்பட்ட அன்று, வண்டியின் சன்னலோரம் அமர்ந்து அந்தப் பாலத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த வாரம் விடுதிக்கு யாரேனும் பழைய பொறியைத் தூக்கிக்கொண்டு வந்தால், சிரிக்குமுன் மூலையிலிருக்கும் நாளை ஒருமுறை பாருங்கள். அதுபோதும்.